இலையின் திறனும் இயற்கையின் பேரால் பேசும் நியாயமும்

"இயற்கை செய்வன யாவும் குறைவற்றவை" என்று கூறுவோர் பலர். இக்கூற்றின் உண்மையை ஒரு பச்சிலையைக் கொண்டே நாம் ஆராய்வோமாக.

ஹைதராபாத்தில், ஓய்வுபெற்ற படையினரின் குடியிருப்பாகத் தோன்றிய சைனிக்புரி என்னும் பகுதி உளது. அங்கே ஒரு வீட்டின் மாடியில் சூரிய மின்தகடும், வாயிலில் ஒரு வேப்பமரமும் ஒரே வெயிலை ஏற்று நிற்பதாகக் கொள்வோம். தகடு தன்மேல் விழும் ஆற்றலில் நூற்றில் ஏறக்குறைய 20 பங்கை மின்சாரமாக்கும். மரமோ நூற்றில் ஒரு பங்கைத் தன் உடலாக்கிக் கொள்வதே அரிது.

காரணம் யாது? ஞாயிற்றின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியே இலைக்குப் பயன்படும் ஒளியாகும். அவ்வொளியைப் பச்சையம் பற்றும் முதற்படியில் இழப்பு மிகச் சிறிது, பேரிழப்பெல்லாம் பிற்படிகளிலேயாம். கரியமிலவாயுவைப் பற்றவேண்டிய ரூபிஸ்கோ என்னும் நொதி, நொடிக்குச் சில மூலக்கூறுகளையே பற்றும். அன்றியும், தவறிப் பிராணவாயுவையும் பற்றி, ஈட்டியதில் ஒரு பகுதியை இழப்பிக்கும். காற்றில் பிராணவாயு மிகக் குறைந்திருந்த தொல்காலத்தில் தோன்றிய நொதி அது. காற்று மாறிற்று, பழைய குறையோ முற்றும் நீங்கவில்லை.

சோளமும் கம்பும் இக்குறையைப் பெரிதும் தவிர்த்தன. அவை கரியமிலவாயுவை இலையின் உள்ளறைகளிற் செறித்து அந்நொதிக்கு அளிக்கின்றன. அந்நகரை அடுத்த பட்டான்செருவில் 1972இல் நிறுவப்பெற்ற இக்ரிசாட் நிலையம் ஆராயும் பயிர்களுள் இவ்விரண்டும் அடங்கும். ஆயினும், 2008இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, இவற்றின் உச்ச வரம்பே நூற்றில் 6 பங்கு. நெல் போன்றவற்றிற்கு 4.6 பங்கு.

இலையை இகழ்தற்கு இதனைக் கூறினோமல்லோம். தகடு தன் பழுதைத் தானே நீக்காது, விதை ஈனாது, சோறும் அளிக்காது. இலை எவராலும் நிறைவாக வகுக்கப்பட்டதன்று. சார்புகள் கூடியபோது தோன்றி, உயிர்வாழப் போதுமான அளவில் நின்றது என்பதே நாம் அறியத்தக்கது.

அன்பர்களே! மாந்தருள் உயர்வு தாழ்வும் இயற்கையின் வகுப்பே, ஆகலின் முறையே என்று நம்மிடம் சாதித்தவர் உண்டு. பிறப்பின் பேரால் இழிவு கற்பித்தது மனிதனேயன்றி இயற்கை அன்று. இயற்கை என்றே வாதத்திற்குக் கொள்ளினும், இயற்கையாயிருத்தல் ஒன்றே ஒன்றை முறையாக்குமோ? ஓர் இலையின் அமைப்பே குறையுடையதாயிருக்க, அச்சொல்லை நியாயத்திற்குச் சான்றாகக் காட்டுதல் எங்ஙனம் பொருந்தும்? ஒரு வழக்கம் முறையானதா என அறிய, அது எங்கிருந்து வந்தது எனக் கேட்பது போதாது. அதனால் துன்புறுவோர் யாவர் எனக் கேட்டல் வேண்டும்.