தட்டையோடு போகும் பொட்டாஷ்

மாங்காடு, பூந்தமல்லிப் பக்கம் வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. கறவை மாடுகள் மட்டும் இன்னும் சில தெருக்களில் இருக்கின்றன. அவற்றுக்கான தீவனம் வெளியூர் நிலங்களிலிருந்து வருகிறது: வைக்கோல், பசும்புல், இப்போது பிளாஸ்டிக் சுற்றிய மக்காச்சோள சைலேஜும். அந்தக் கட்டோடு விளைந்த மண்ணின் சத்தும் வண்டியேறி வந்துவிடுகிறது.

மக்காச்சோளத்தை மணிக்காக வளர்த்தால் கதிரை ஒடித்துக்கொண்டு தட்டையை வயலில் விடலாம். பயிர் எடுத்த பொட்டாஷில் பெரும்பங்கு தட்டையிலும் இலையிலும்தான் இருக்கும். மழை பட்டாலே மண்ணில் இறங்கிவிடும். சைலேஜுக்கோ மணி பால் கட்டி இறுகும்போதே செடியை அடியோடு அறுத்து, நறுக்கி, காற்றுப் புகாமல் அமுக்குகிறோம். எக்டேருக்கு 40 டன் பசுந்தீவனம் எடுத்தால் சுமார் 100 கிலோ பொட்டாசியம் அதோடு போகும். கந்தகம் ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு.

அளவு குறைவென்று கந்தகத்தை மறக்கக் கூடாது. கந்தகம் இல்லாமல் பயிரில் புரதம் உருவாகாது. மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் அது வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் 11 சதவீதம் கந்தகம் உண்டு. அதை விட்டு டி.ஏ.பி.க்கும் யூரியாவுக்கும் மாறிய வயல்கள் அந்தக் கந்தகத்தையும் சேர்த்தே இழந்தன. குறை எது என்று செடியே காட்டும். பொட்டாஷ் குறைந்தால் அடி இலையின் ஓரம் நுனியிலிருந்து கருகும். கந்தகம் குறைந்தால் மேலே புது இலை வெளிறும்.

சல்பேட் ஆஃப் பொட்டாஷில் இரண்டும் ஒரே மூட்டையில் கிடைக்கும், ஆனால் விலை அதிகம். மக்காச்சோளம் குளோரைடை ஓரளவு தாங்கும் பயிர். உவர் நிலமாக இல்லாவிட்டால் மியூரியேட் ஆஃப் பொட்டாஷும் கொஞ்சம் ஜிப்சமும் போதும் என்பேன். மண்ணைப் பரிசோதிக்காமல் பொட்டாஷை அள்ளிப் போடுவது மட்டும் வேண்டாம். தீவனத்தில் அது மிகுந்தால் மாட்டின் உடலில் மக்னீசியம் சரியாகச் சேராது; கன்று ஈனும் பசுவுக்குப் பால் காய்ச்சல் வரும் வாய்ப்பும் கூடும்.

மாடு தின்ற பொட்டாஷில் பெரும்பகுதி கோமியத்தில் வெளியேறுகிறது. மியூரியேட் ஆஃப் பொட்டாஷை நாம் கப்பலில் இறக்குமதி செய்கிறோம். அதே சத்து நம் தெருவில் சாக்கடைக்குப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. சாணத்தைத் தட்டி, காயவைத்து, விற்கத் தெரிந்த நாம் கோமியத்தை மட்டும் தண்ணீர் ஊற்றி விரட்டுகிறோம். கொட்டகைத் தரைக்குச் சற்றுச் சரிவு, ஓரமாக ஒரு வாய்க்கால், அதன் முடிவில் காய்ந்த இலையும் மண்ணும் நிரப்பிய குழி. ஊறிய மண்ணை வாரி எருக்குழியில் கலந்து மக்கவிட்டால், பக்கத்துத் தென்னைக்கும் கீரைப் பாத்திக்கும் கடையில் வாங்கும் பொட்டாஷ் குறையும்.