மனைத்தோட்டமும் கொல்லாமையும்

கொல்லாமையும் புலால் உண்ணாமையும் சைவ ஒழுக்கத்திற்கு அடிப்படை என்பது யாவரும் அறிந்ததே. பாடசாலைகளிலே சமயபாடம் புகட்டும் ஆசிரியர்கள் இளஞ்சிறார்க்கு முதற்கண் போதிப்பதும் இவ்வறமே. ஆயினும், அடுக்களையைத் தூய்மை செய்த அளவில் இவ்வறம் நிறைவெய்திவிட்டதென நம்மிற் பலர் அமைதி கொள்கின்றனர். அடுக்களையின் பின்கதவைத் திறந்து நான்கடி நடந்தால் ஆங்கே மனைத்தோட்டம் இருக்கின்றது. அங்கே களை பிடுங்கவேண்டும், புழு நீக்கவேண்டும், நத்தை பொறுக்கவேண்டும், நுளம்பு பெருகாது காக்கவேண்டும். இவை யாவும் உயிர்களே. ஊனைத் துறந்த ஒருவன் தன் தோட்டத்தில் நாள்தோறும் உயிர்களைப் போக்குதல் தகுமோ என்று ஒரு மாணவன் வினாவுவானாயின், ஆசிரியர் யாது விடை கூறுவர்? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு இளவேனிற் காலமே ஏற்றது. கொழும்பு மாநகரின் கடலோரத்தே அமைந்த பம்பலப்பிட்டியிலே பங்குனி சித்திரைத் திங்கள்களிற் பிற்பகல் வேளையில் இடியோடு மழை பெய்யும். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழும். அக்காற்று எழுமுன் முடிக்கவேண்டிய வேலைகள் பல. கூரைப் பீலியில் அடைந்த சருகை நீக்கல், கான்களைத் திறந்துவிடல், செவ்வரத்தையின் முற்றிய கிளைகளை வெட்டல், மணற்பாங்கான நிலத்திற்கு மட்கிய எரு இடல், வாழையின் காய்ந்த மட்டைகளைக் களைதல் என அவை விரியும். இவ்வூரின் பெயரைப் பம்பளிமாசு மரத்தோடு இயைத்துப் பொருள் கூறுவாரும் உளர். இன்றோ காலி வீதியின் இருமருங்கும் மாடிவீடுகள் நெருங்கி நிற்றலால், பலர்க்குத் தோட்டமென்பது ஒரு கறிவேம்பும், இரண்டொரு நந்தியாவட்டையும், மாடிமுகப்பில் துளசிச் சாடியுமாகச் சுருங்கிவிட்டது. தோட்டம் சுருங்கினும், நாம் எடுத்துக்கொண்ட வினா சுருங்கிற்றில்லை.

முதற்கண் களையை நோக்குவாம். புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. உயிர் எடுக்கும் பிறப்புக்களை எண்ணப் புகுந்த திருவாசகச் சிவபுராணமும் புல்லிலிருந்தே தொடங்குகின்றது. அங்ஙனமாயின் புல்லைச் செதுக்குதல் கொலையன்றோ எனின், அப்பர் சுவாமிகளின் திருக்கை உழவாரம் விடை கூறும். உயிர்களிடத்து அன்பு ததும்பிய அப்பெருந்தகையார் தலந்தோறும் திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கித் தொண்டு செய்தனர். திருப்புகலூரில் அவர் பணிசெய்த இடத்திலே பொன்னும் மணியும் விளங்கியபோது, புல்லோடும் கல்லோடும் ஒப்ப அவற்றையும் வாரி எறிந்தனர் என்பது பெரிய புராண வரலாறு. அதே புகலூரில் முருக நாயனார் விடியற்காலையில் எழுந்து மலர் கொய்து மாலை தொடுத்தனர். ஒருவர் புல்லைச் செதுக்கினர். ஒருவர் பூவைக் கொய்தனர். இருவரையும் நாம் வணங்குகின்றோம். ஆதலின் கொல்லாமை என்பது கையைக் கட்டிக்கொண்டு வாளாவிருத்தல் அன்று. எதன்பொருட்டு, எவ்வளவில், எவ்வுள்ளத்தோடு ஒரு செயலைச் செய்கின்றோம் என்பதே கருதற்பாலது. வேண்டுமளவு பூவைக் கொய்தல் வழிபாடு. வழியே செல்லும்போது காரணமின்றிக் கிளையை ஒடித்தல் கொடுமை.

இனி, நத்தையைக் காண்போம். தொல்காப்பியர் இவ்வினத்தை ஈரறிவுயிர்களோடு வைத்தெண்ணினர். இன்று கொழும்புத் தோட்டங்களை அழிக்கும் பெருநத்தை இந்நாட்டிற்கு உரியதன்று. கிழக்கு ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதராற் கொணரப்பட்டு இலங்கையிற் பரவியது. ஒருமுறைக்கு நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை மண்ணுள் இடும். பகலிற் குப்பைக்கடியில் ஒளிந்திருந்து இரவில் வெளிப்படும். முதன்மழை பெய்தவுடன் வல்லாரையையும் வாழைக்கன்றையும் ஒருங்கே மேயும். இதன்மேற் சிறுவர் உப்பைத் தூவி, அது நுரைத்து நெளிவதைக் கண்டு கைகொட்டி நகைப்பதுண்டு. உப்பு அதன் உடம்பிலுள்ள நீரை உறிஞ்ச, அது சிறிது சிறிதாக வருந்தி இறக்கின்றது. இலை தின்ற குற்றத்திற்கு இத்துணை நெடிய தண்டனையோ? சமயபாடத்தில் நன்மதிப்பெண் பெற்ற மாணவனே மாலையில் இவ்விளையாட்டை ஆடுவானாயின், அவன் படித்த பாடம் யாது பயன் தந்தது?

மற்றொரு சாரார், கொல்லமாட்டோம் எனச் சொல்லி, நத்தையைப் பொறுக்கி அயலவன் மதிலுக்கு அப்பால் எறிந்துவிடுவர். தம் கை தூயதென்பது அவர் எண்ணம். அயலவன் நஞ்சிட்டுக் கொல்லுவான் என்பதை அறிந்தே எறிகின்றார்களாதலின், அக்கொலையிற் பங்கு அவர்களுக்கும் உண்டு. அயலவன் பயிரை அழித்த பழியோ முழுவதும் அவர்களுடையதே. தான் செய்யாது பிறனைச் செய்விப்பதாற் பாவம் நீங்குமாயின், புலாலை விலைக்கு வாங்கி உண்பானும் குற்றமற்றவனாதல் வேண்டும். அதனை நாம் ஒப்புவதில்லையன்றோ?

நுளம்பின் காரியம் இதனினும் இக்கட்டானது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு, சாக்கடையை நாடாது, வீட்டைச் சூழ்ந்த தெளிநீரையே நாடுவது. கவிழ்க்காத சிரட்டையிலும், பூச்சாடியின் அடித்தட்டிலும், அடைபட்ட பீலியிலும் அது முட்டையிடும். 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டதாகப் பதிவாயிற்று. 400 பேருக்கு மேல் இறந்தனர். நுளம்பு பெருகுமாறு நிலத்தை வைத்திருத்தல் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி தண்டத்திற்குரிய குற்றமுமாகும். நுளம்பிற்கு இரங்கி அயலிலுள்ள குழந்தையைச் சாகவிடுதல் அருளாகுமோ? ஆகாது. ஆயின் நுளம்பைக் கொல்லுதல் ஒன்றே வழியோ எனின், அதுவும் அன்று.

ஈண்டே நாம் கூறவந்த கருத்து விளங்கும். அந்நுளம்பு முட்டையினின்று வெளிப்பட்டுச் சிறகு பெறுதற்கு ஏறக்குறைய ஏழு முதற் பத்து நாட்கள் செல்லும். ஏனத்தின் உட்புறத்தில் ஒட்டிய முட்டையோ நீர் வற்றினும் பல திங்கள் கெடாது கிடக்கும். ஆதலின் வாரந்தோறும் நீரைக் கவிழ்த்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவானது வீட்டில் நுளம்பு மிகுவதில்லை. ஏனத்தைக் கவிழ்த்தே வைப்பானது வீட்டில் முட்டையிடுதற்கும் இடமில்லை. குப்பையை அன்றன்று எருக்குழியிற் சேர்த்து மூடுவானது தோட்டத்தில் நத்தைக்கு உறையுள் குறையும். முருங்கை மரத்தை நாள்தோறும் நோக்குவான், மயிர்க்கொட்டி ஒரு சிறு திரளாயிருக்கும்போதே காண்பான்; நோக்காதவனோ மரம் முழுதும் மூடியபின் சூள் கொளுத்தி ஆயிரக்கணக்கில் எரிப்பான். இன்று செய்யாது விட்ட சிறுவேலை நாளை பெருங்கொலையாய் வந்து நிற்கின்றது. தோட்டத்திலே கொலைக்கு வித்து பெரும்பாலும் கொடுமையன்று, சோம்பலே. நஞ்சுப் புட்டியை நாடுவோர் பலரும் உயிர்களை வெறுத்து நாடுவதில்லை. உரிய காலத்திற் செய்யத்தக்கதைச் செய்யாது விட்டே நாடுகின்றனர். அந்நஞ்சோ புழுவோடு நில்லாது தேனீயையும் மண்புழுவையும் உடன்கொண்டு செல்லும்.

இத்துணை விழிப்போடிருந்தும் சிற்சில உயிர்களைப் போக்க நேரும் என்பதை மறைத்தல் உண்மைக்கு மாறு. கவிழ்த்த நீரிற் சில புழுக்கள் இறக்கும். பொறுக்கிய நத்தையை வேறெங்கும் விடுதற்கு இடமில்லையாயின், வெறுங்கையாற் தொடாது எடுத்து, துன்பம் நீளாதபடி ஓரடியில் முடித்து, மண்ணிற் புதைத்தலே செய்யக்கிடப்பது. ஆனால் அதனை அறமென்று பெயரிடற்க. வேறு வழியின்மையாற் செய்த குறையென்றே கொள்க. குறையைக் குறையென்று உணர்வான் அடுத்த ஆண்டில் அதனைக் குறைக்க வழி தேடுவான்; அதற்கு அறமென்று பெயர் சூட்டினானோ கொல்லுதலிற் கை பழகிவிடுவான்.

ஆசிரியப் பெருமக்கள் இதனைப் பலகையில் எழுதிக் காட்டுதலினும் பாடசாலைத் தோட்டத்திற் செய்து காட்டுதல் நன்று. வெள்ளிக்கிழமைதோறும் கால்மணி நேரம் மாணவரோடு சாடிகளைக் கவிழ்த்துத் தேய்க்கலாம். சருகை எருக்குழியிற் சேர்க்கலாம். உப்பைக் கையிலெடுத்த சிறுவனைச் சினவாது அருகழைத்து, அந்நத்தை தன் கொம்புகளை நீட்டி வழிதேடுவதைச் சிறிதுபொழுது பார்க்கச் செய்யலாம். பார்த்தபின் உப்புத் தூவும் கை அரிது. அவ்வாறு பழகிய பிள்ளை வீட்டிற்குச் சென்றும் சிரட்டையைக் கவிழ்ப்பான். கொல்லாமை என்னும் பேரறம் இத்தகைய சிறுவேலைகளிலேதான் நாள்தோறும் காக்கப்படுகின்றது.