ஊர்ப்பெயர் யாருக்குச் சொந்தம்?

ஒரு பெயருக்குப் பொருள் கேட்பது சுலபம். அந்தப் பெயர் யாருடையது என்று கேட்பதுதான் சங்கடம்.

காஞ்சி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரையில் வளரும் ஒரு மரத்துக்கு அது பெயர். வடமொழியில் அது பெண்ணின் இடையில் அணியும் மேகலை. தொல்காப்பியமோ உலகத்தின் நிலையாமையைச் சொல்லும் புறத்திணைக்குக் காஞ்சி என்று பெயர் வைத்தது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் இருப்பது அந்தக் காஞ்சிதான்; இந்த ஊர் அல்ல. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையில், படையெடுத்து வருகிறவனை எதிர்த்து நிற்பது காஞ்சி. வெள்ளைக்காரன் நாவில் ஊர் காஞ்சீவரம் ஆயிற்று. இன்று வடநாட்டில் அந்தச் சொல்லைக் கேட்கிற பலருக்கு ஊர் தோன்றுவதில்லை, புடவைதான் தோன்றுகிறது.

மரமா, மேகலையா என்று புலவர்கள் வழக்காடட்டும். நமக்கு வேறொரு கவலை. பெயர் செழித்தால் பெயருக்குரியவர்களும் செழிப்பார்கள் என்று நாம் நம்பிவிடுகிறோம். அது பொய் என்பதற்கு அமெரிக்காவில் அத்தாட்சி இருக்கிறது. புளோரிடாவில் உள்ள மயாமி நகரத்தின் பெயர், அங்கே ஒரு பெரிய ஏரிக்கரையில் வாழ்ந்த மாயைமி என்ற பழங்குடியிடமிருந்து வந்தது. அந்தக் குடி இன்று இல்லை. வடக்கே, இந்தியானாப் பகுதியில் மயாமி என்றே பெயர் கொண்ட வேறொரு குடி வாழ்ந்தது. அவர்களில் பலரை 1846-ல் அரசாங்கம் பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்து மேற்கே அனுப்பிற்று. பெயர்கள் மட்டும் சௌக்கியமாக இருக்கின்றன!

காஞ்சிபுரத்தில் யாரையும் யாரும் துரத்தவில்லை. ஆனால் இங்கும் பெயர் ஒரு வழியில் போகிறது. அதை உண்டாக்கியவர் இன்னொரு வழியில் போகிறார். உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்க, ஒரு தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். விசைத்தறித் துணியும் அதே பெயரைச் சொல்லி விலை போகிறது. 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டம் பெயருக்கு வேலி போட்டது. நெய்கிறவர் வீட்டு அடுப்பைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? தம் பிள்ளை தறியில் உட்கார வேண்டாம் என்று நினைக்கிற நெசவாளர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

'பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெசவாளி மட்டும் எப்படி உரிமை கொண்டாடலாம்?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயர் யாருக்கும் தனிச் சொத்தாக முடியாது. நான் அதைக் கடன் என்றே சொல்வேன். அதைச் சொல்லி விற்பவரும், சொல்லிக்கொண்டு உடுத்துபவரும் கடன்பட்டவர்கள். கல்யாணப் புடவைக்குப் பேரம் பேசும்போது, நெய்தவருக்கு இதில் எவ்வளவு போகும் என்று ஒரு வார்த்தை கேட்டால், வட்டியாவது கட்டினவர்கள் ஆவோம்.

கேட்காமலே இருந்தால், காஞ்சிக்குள்ள பல பொருள்களில் நிலையாமை ஒன்றே அந்த ஊருக்கு மிஞ்சும். எதிர்த்து நிற்பது என்ற பொருளும் அதே சொல்லில் இருக்கத்தான் இருக்கிறது.