நாணமும் அளவும்

நாணம் பெண்டிர்க்கு அணிகலன் என்று நம் முன்னோர் கூறிச் சென்றனர். அணிந்தோரை வருத்துவது அணிகலனாகாது, அது விலங்கேயாகும். நம் பெண்மக்கட்கு நாணம் எவ்வாறு விலங்காயிற்று என்பதை, பலரும் பேசக் கூசும் ஒரு பொருளைக் கொண்டு ஆராயத் துணிகின்றோம். நம்மவர் 'பாடி' என்று வழங்கும் மார்க்கச்சே அப்பொருள்.

நம் வாழ்க்கைத் துணைவியார் பருத்த மார்புடையவர். அவர் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம். பல்லாண்டுகளாக அவர்க்குத் தோளிலும் பிடரியிலும் ஓயாத நோவு. வீட்டு வேலையின் களைப்பென்று நாம் முடிவு கட்டினோம். தைலம் வாங்கிக் கொடுத்தோம். கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டோம். இரு தோள்களிலும் வார் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்ததைக் கண்டும் ஏனென்று கேட்டோமில்லை. அவரும் சொன்னாரில்லை. கடையில் விற்போர் ஆடவர். ஆகவே அளவைச் சொல்ல நாவெழாமல், இருப்பவற்றுள் பெரியதைக் கைகாட்டி வாங்கி வருவதே அவர் வழக்கம். ஒரு தாதியம்மையார் அளவு நாடாவை எடுத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது.

மார்பின் கீழே விலாவைச் சுற்றி அளந்தபோது 34 அங்குலம். மார்பின் நிறைந்த இடத்தில் 40 அங்குலம். அவர் அணிந்து வந்ததோ 40 என்னும் எண்ணுடைய கச்சு. தவறு இங்கேதான் இருந்தது. கச்சின் எண் விலாச் சுற்றைக் குறிப்பது. எழுத்து, இவ்விரு அளவுகளின் வேறுபாட்டைக் குறிப்பது. வேறுபாடு ஓரங்குலமானால் ஏ, இரண்டானால் பி, மூன்றானால் சி, நான்கானால் டி, ஐந்தானால் இரட்டை டி, ஆறானால் இ என்பது பிரித்தானிய முறை. ஆகவே அவர்க்கு வேண்டியது 34 இ. பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது விலாவைச் சுற்றிய பட்டியே, தோள்வார் அன்று. பட்டி தளர்ந்தால் அது முதுகில் மேலேறும். பாரம் தோளில் இறங்கும்.

1932-இல் அமெரிக்காவில் எஸ். எச். கேம்ப் என்னும் நிறுவனம் இவ்வெழுத்துக்களை வகுத்தபோது ஏ முதல் டி வரை நான்கே வைத்தது. பின்னர் எழுத்துக்கள் வளர்ந்தன. ஆயினும் டி-யோடு நின்றுவிட்ட கடைகள் இன்றும் உள. அங்கே செல்லும் பெண்ணுக்கு ஆழமான கிண்ணத்திற்குப் பதிலாக நீளமான பட்டியே கிடைக்கின்றது. பொருந்தாதபோது அவள் கச்சைக் குறை கூறுவதில்லை. தன் உடலையே நொந்துகொள்கிறாள்.

"இவை பெண்கள் அறைக்குள் பேசத்தக்கவை, ஏட்டில் எழுதலாமோ?" என்பர் சிலர். அவர்கட்கு வரலாறே விடை கூறும். திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்டிர் மார்பை மறைத்தலே குற்றமெனப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 1859-இல் வெளிவந்த அரச ஆணை மறைத்துக்கொள்ள இடம் தந்தது. அப்போதும் மேற்சாதிப் பெண்டிரைப் போல அணியலாகாதென்றே விதித்தது. அன்று மறைத்தால் குற்றம். இன்று அதைப் பற்றி வாய் திறந்தால் குற்றம். இரண்டிலும் பெண்ணின் உடலுக்கு விதி செய்வோர் பிறரே. அங்ஙனமாயின் இந்நாணத்தை இயற்கை என்பது எங்ஙனம்?

தோட்டத்துக் கிராணியாகிய நாம், பெண்ணாள் சுமந்து வரும் பாலை நாள்தோறும் நிறுத்து ஏட்டில் பதிகின்றோம். அவள் தோள் சுமக்கும் நோவை எந்த ஏட்டிலும் பதிந்ததில்லை. நம் வீட்டிலேயே அதனைக் காணாதிருந்த நாம் ஊரைக் குறை கூறுதல் தகாது.

ஒருத்தி தன் உடலைப் பிறர்க்குக் காட்ட விரும்பாமை அவள் உரிமை, அதனைப் போற்றுவோம். ஓர் அளவு நாடா இருப்பின் அவள் தானே வீட்டில் அளந்துகொள்ளலாம். ஆனால் நோவை மறைக்கச் செய்யும் நாணம் ஒழுக்கமாகாது. 34 என்பதும் 40 என்பதும் வெறும் எண்கள். அவற்றுள் மானமும் இல்லை, அவமானமும் இல்லை. மனைவி, மகள், தமக்கை என்று வீட்டில் பெண்மக்களை உடைய அன்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.