மண்ணுக்குள் எரிந்த நெருப்பு



அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் தியடோர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. மழையும் காற்றும் அரித்துப்போட்ட களிமண் குன்றுகள்தான் அங்கே எங்கும். 'பேட்லேண்ட்ஸ்', அதாவது ஆகாத நிலம் என்று அதற்குப் பேர். நடுவே லிட்டில் மிசௌரி ஆறு ஓடுகிறது. கரையோரம் காட்டன்வுட் மரங்கள். கூட்டமாய் வருகிறவர்கள் கூடாரம் போட அங்கே தனி இடமே உண்டு. காட்டெருமைகள் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டு போகும். பார்த்தால் எவ்வளவு சமாதானம்!

ஆனால் அதே பூங்காவில் ஓரிடத்தில், 1951 முதல் 1977 வரை, 26 வருஷம் மண்ணுக்குள்ளே நிலக்கரி எரிந்துகொண்டே இருந்தது. மேலிருந்த களிமண் செங்கல் மாதிரி சுட்டுச் சிவந்தது. கரி சாம்பலானதும் மேலே இருந்த நிலம் உள்வாங்கிப் போச்சு.

பிரியமானவர்களே, நாமும் அப்படித்தானே! ஆராதனையில் கைதட்டுகிறோம், அந்நிய பாஷை பேசுகிறோம். ஆனால் சொத்தைப் பிரிச்ச நாளிலிருந்து தம்பி வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்து 26 வருஷம். உள்ளே கசப்புக்கும் 26 வயசு!

வேதத்திலும் ஒரு ஆற்றங்கரை முகாம் உண்டு. எஸ்றா 8-ம் அதிகாரத்தை வாசியுங்கள். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் போகும் ஜனங்களை எஸ்றா அகாவா நதியண்டையில் கூட்டி, மூன்று நாள் தங்க வைத்தார். ராஜாவின் கடிதம் கையில் இருந்தது. வெள்ளியும் பொன்னும் இருந்தது. 'வாங்க, கிளம்பலாம்' என்று அவர் சொல்லவில்லை. கூட்டத்தை நிதானித்துப் பார்த்தார். லேவியர் ஒருத்தர்கூட இல்லை! உடனே ஆள் அனுப்பினார். 38 லேவியர் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் உபவாசம், அதற்குப் பிறகுதான் பிரயாணம். வழியிலிருந்த சத்துருவின் கைக்குக் கர்த்தர் அவர்களைத் தப்புவித்தார்.

நாம் உபவாச முகாமுக்கு வரும்போது எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிறோம். யார் வரவில்லை என்று எண்ணினோமா? என் வாயின் வார்த்தையால் சபையை விட்டுப் போன சகோதரி யார்? எனக்குள் எரிகிற நெருப்பினால் வெளியே நிற்கிறவர் யார்?

காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடே ஒப்புரவாகச் சொன்னவர் நம் இயேசு (மத்தேயு 5:23, 24). ஆகவே அடுத்த திருவிருந்துக்கு முன்னே போங்கள். கதவைத் தட்டுங்கள். 'தப்பு என் மேலதான், மன்னிச்சிருங்க' என்று சொல்லுங்கள். கதவு திறக்காவிட்டாலும் உங்களுக்குள் எரிகிற நெருப்பு அணைந்துபோகும்.

ஜெபிப்போமா? "ஆண்டவரே, என் உள்ளத்தை ஆராய்ந்து பாரும். மறைந்திருக்கிற கசப்பை உம் இரத்தத்தால் கழுவும். நான் விரட்டினவரை நானே போய்க் கூட்டி வர எனக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்." அல்லேலூயா!