எழுதப்படாத நன்றி

எம்பெருமானைப் பாடும் நாவினால் மனிதரைப் புகழலாமா என்னும் வினா வைணவர்க்குப் புதியதன்று. மானிடரைக் கவி பாடிப் பிழைப்போரை நம்மாழ்வார் திருவாய்மொழியின் மூன்றாம் பத்தில் ஒரு பதிகம் முழுவதும் கடிந்துரைத்தார். அவருடைய சீடரான மதுரகவியாழ்வாரோ, தாம் அருளிய 11 பாசுரங்களுக்கும் அந்த ஆசாரியரையே பொருளாகக் கொண்டார். அக்கண்ணிநுண்சிறுத்தாம்பு திவ்யப்பிரபந்தத்துள் வைத்தே ஓதப்படுகிறது. இதில் முரண்பாடு இல்லை. ஆழ்வார் விலக்கியது பொருள் வேண்டிச் செய்யும் முகத்துதி. மதுரகவிகள் செய்தது பெற்றதை எடுத்துச் சொல்லுதல்.

அரியலூரிலும் ஆழ்வாரின் திருநாமம் தாங்கிய ஓர் ஆசிரியர் இருந்தார். 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர் சிறுவராக அவ்வூரில் வாழ்ந்த காலத்தில், அவருக்குத் தமிழ்ச்சுவையை முதலில் ஊட்டியவர் அந்தச் சடகோபையங்காரே. பின்னர்க் கார்குடி கஸ்தூரி ஐயங்காரிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் ஐயர் பாடங்கேட்டார். ரெட்டியார் கற்பித்தது யாப்பருங்கலக் காரிகை. இவர்களை ஐயர் மறக்கவில்லை. 1940-இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ வெளிவரத் தொடங்கியபோது ஒவ்வொருவரையும் நிறைந்த அன்போடு நினைவுகூர்ந்தார். ஆனால் பாடங்கேட்ட நாட்களுக்கும் அந்த எழுத்துக்கும் இடையே எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. தமிழுலகம் படித்து மகிழ்ந்த அந்நன்றியுரையை, அதற்கு உரியவர்கள் படித்திருக்க வழியேது?

உரிய காலத்தில் வரும் பாராட்டின் அருமையை ஐயரே அறிந்திருந்தார். 1887-இல் அவர் பதிப்பித்த சீவகசிந்தாமணியைப் படித்த ஜூலியன் வின்சோன் என்னும் பேராசிரியர், 1891-இல் பாரிஸ் நகரிலிருந்து தமிழிலேயே அவருக்குக் கடிதம் விடுத்தார். செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவருக்குக் கடல் கடந்து வந்த அந்தக் கடிதம் எத்துணை ஊக்கம் அளித்திருக்கும்! ஐயருக்கு வந்த கடிதங்கள் பல, சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் இன்றும் பேணப்படுகின்றன.

அச்சிட்ட வாழ்த்து ஆயிரம் பேருக்குப் பொருந்தும். கைப்பேசியில் வரும் கைகூப்பிய படமும் அத்தகையதே. கையால் எழுதத் தொடங்கியவரோ, இன்ன நாளில் இன்ன உதவி செய்தீர்கள் என்று நினைவுகூர்ந்தாக வேண்டும். அடித்துத் திருத்திய சொல்லிலும் அந்நினைவின் சுவடு தெரியும்.

கைங்கரியம் செய்தவர் புகழை விரும்பார், அவருக்குக் கடிதம் எதற்கு என்று கேட்போர் உண்டு. விரும்பாமை செய்தவருக்கு அணி. அதனைக் காட்டிப் பெற்றவர் வாளாவிருத்தல் எங்ஙனம் தகும்? அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் ஸந்நிதிக்கு உழவர்கள் தாம் விளைத்த தானியத்தைக் காணிக்கையாகக் கொண்டு வருகின்றனர். ஒரு மரக்கால் நெல் இல்லாமல் பெருமாளுக்கு என்ன குறை வந்துவிடும்? தலையில் சுமந்து வந்து அளப்பவர் அக்கணக்கைப் பார்ப்பதில்லை.

சேவித்து ஊர் திரும்பும் அடியார்கள் பலருக்கு, எழுத்தறிவித்த ஆசிரியரோ, பேறு பார்த்த மருத்துவச்சியோ, பஞ்ச காலத்தில் விதைநெல் தந்த அண்டை வீட்டாரோ இன்னும் உயிரோடிருக்கக்கூடும். அவர்களுக்குக் கண்பார்வை சற்று மங்கியிருக்கும். எழுத்தைப் பெரிதாக எழுதுதல் நன்று.