யார் உப்பை யார் தின்றது?

எங்கள் செலியமேட்டில் மாலை வேளைகளில் டீக்கடைப் பெஞ்சுதான் நியாய ஸ்தலம். அங்கே விசாரணைக்கு வராத வழக்கு கிடையாது. சில நாட்களுக்கு முன் ஒரு வாலிபன் அங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மெண்டோசா என்ன நம்ம ஆளா? காசுக்கு வந்தான், காசுக்குப் போனான். விசுவாசம் இல்லாதவன்!"

ஸ்டிவன் மெண்டோசா தென்னமெரிக்காவில் கொலம்பியா தேசத்துக்காரர். 1992-இல் பிறந்தவர். கால்பந்தில் முன்னணியில் ஓடிக் கோல் போடுவது அவர் தொழில். 2014-லும் 2015-லும் இந்தியன் சூப்பர் லீக் பந்தயங்களில் சென்னையின் எஃப்.சி. குழுவுக்கு ஆடினார். 2015-இல் 13 கோல் போட்டு, அந்த ஆண்டு அதிகக் கோல் அடித்தவருக்கான பரிசையும் தட்டிக்கொண்டு போனார்.

அந்த 2015-ஐ எங்கள் பக்கத்து ஜனங்கள் இலேசில் மறக்க மாட்டார்கள். நவம்பரில் கடலூர்ச் சீமை வெள்ளத்தில் தத்தளித்தது. டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியது. தன் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைச் சென்னைக் குழு புனேயில் போய் ஆட நேர்ந்தது. டிசம்பர் 20-ஆம் தேதி இறுதி ஆட்டம், கோவாவில், கோவாக் குழுவை எதிர்த்து. முடியச் சில நிமிஷங்களே இருந்தபோது கோவா 2-1 என்று முந்திவிட்டது. சரி, போயிற்று என்றுதான் நினைத்தோம். 90-ஆவது நிமிஷத்தில் கோவாவின் கோல்காப்பாளர் கையில் பட்டே பந்து அவர்கள் வலைக்குள் போய்ச் சமமாயிற்று. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் மெண்டோசா இன்னொன்று போட்டார். 3-2. கோப்பை சென்னைக்கு.

அன்றிரவு ஈரம் காயாத தெருவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினான். இன்று தீர்ப்புச் சொல்லும் வாலிபன் அவன்தான்.

உண்மையில், அந்த ஆண்டுகூட மெண்டோசா சென்னைக்குச் சொந்தமானவரல்ல. பிரேசிலின் கொரிந்தியன்ஸ் கழகம் அவரை இரவலாக அனுப்பியிருந்தது. மறு வருஷம் நியூயார்க்குக்கு இரவல். அதற்கு மறு வருஷம் பிரேசிலிலேயே பாஹியாவுக்கு. பிறகு பிரான்சில் ஆமியான். பிறகு மறுபடியும் பிரேசிலில் செயாரா, சாந்தோஸ். அண்டை வீட்டுக்காரர்கள் இரவல் வாங்கும் உரலைப் போல ஒரு மனிதர் கை மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான் அந்தப் பையனைக் கேட்டேன்: "உங்க சித்தப்பா எங்கே இருக்காரு தம்பி?"

"பாரிசுல மாமா. ஓட்டல்ல வேலை."

"அவரும் விசுவாசம் இல்லாதவரா?"

"அது வேற மாமா. அது பொழைப்பு."

நானும் பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்துவிட்டோம். அவனும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டு மனிதன் பிழைக்கப் போனால் அது பிழைப்பு; நமக்கு வேண்டிய அந்நியன் பிழைக்கப் போனால் அது துரோகம். இந்த இரட்டைத் தராசு எங்கிருந்து வந்தது?

கழகங்களின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 1995 வரை ஒப்பந்தம் முடிந்துபோன ஆட்டக்காரரைக்கூடப் பழைய கழகம் பணம் வாங்காமல் வேறிடத்துக்கு விடாமல் இருக்க முடிந்தது. ழான்-மார்க் போஸ்மான் என்ற பெல்ஜியத்து ஆட்டக்காரர் வழக்காடி, அந்த ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்ற பிறகுதான் அந்தக் கட்டு அறுந்தது. வேண்டாதபோது விற்பவர்கள், வேண்டும்போது மட்டும் விசுவாசம் பேசுவது என்ன நியாயம்?

ஆனாலும் பையன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்க எனக்கு மனமில்லை. ஒரு குழுவோடு தோல்வியிலும் நின்று, காலி மைதானத்திலும் ஆடுகிறவன் உயர்ந்தவன்தான். எல்லாரும் போய்க்கொண்டே இருந்தால் ஊர் என்று ஒன்று மிஞ்சாது. நிற்பவனுக்குரிய மரியாதையைப் போகிறவனுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை நான். போகிறவனுக்கும் ஒரு தர்மம் உண்டு என்றுதான் சொல்கிறேன். உருகுவேயின் செபாஸ்தியான் அப்ரேயு முப்பதுக்கு மேற்பட்ட கழகங்களில் ஆடியவர். அப்படிப்பட்டவரிடம் 'எத்தனை நாள் இருந்தாய்?' என்று கேட்பதில் பொருளில்லை. 'இருந்த நாளில் முழுதாக இருந்தாயா?' என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு மெண்டோசா கோவாவில் பதில் சொல்லிவிட்டார். இன்னும் சில நிமிஷத்தில் இரவல் முடியப் போகிறது என்று தெரிந்த மனிதர், இந்த ஊரே தம் ஊர் என்பது போல ஓடினார்.

இதை எழுதும்போது எனக்கு வேறொருவர் நினைவு வருகிறது. வெள்ளம் வடிந்து, மிஞ்சிய சம்பாவை அறுக்க ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பெல்ட் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. அன்று வானம் மறுபடி கறுத்தது. "இருட்டினதும் நிறுத்திடலாம்" என்று நானே சொன்னேன். அவர் கேட்கவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு நடு ராத்திரி வரை சேற்றில் உழன்று கடைசி வரப்பு வரை முடித்துக் கொடுத்தார். விடிவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். வாடகையைக் கணக்காக எண்ணிக் கொடுத்த நான் அவர் பெயரைக் கேட்கவில்லை. அந்த நெல்லைத்தான் அவ்வருஷம் என் வீட்டில் பொங்கித் தின்றோம்.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பார்கள். கூலி கொடுத்தவன் தன்னை உப்பிட்டவனாக எண்ணிக்கொள்வது உலக வழக்கம். அன்று என் வயலில் உப்பிட்டவர் யார்? அந்த 2015 டிசம்பரில், மகிழ்ச்சிக்கே பஞ்சமாயிருந்த நாட்களில், நமக்கு உப்பிட்டவர் யார்? விசுவாசம் காட்ட வேண்டியவர்கள், போனவர்களல்ல, தின்ற நாம்தான்.

அடுத்த முறை டீக்கடையில் அந்தப் பையனைப் பார்த்தால் இதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், வரும் அறுவடைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவரிடம் பெயரைக் கேட்க வேண்டும்.